ஒரு கம்பி, இரண்டு சட்டம்

திங்கள், 2 அக்டோபர் 1978

காலையில் வானம் மூட்டம். மழை இல்லை. டைப்ரைட்டர் நாடா தேய்ந்து எழுத்து ஆவி மாதிரி விழுகிறது. புது நாடா கேட்டு மறுபடியும் எழுதியாயிற்று.

சின்னத்துரை, இந்த ரப்பர்த் தோட்டத்தின் உதவி மேலாளர், கொழும்பில் ஏதோ வகுப்புக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். இனி சி.து. என்றே எழுதுவேன், முழுதாக எழுதினால் மை வீண். அவர் என்னோடு பேசுவது இங்கிலீஷும் சிங்களமும். நான் இங்கே எல்லாவற்றையும் தமிழில் போடுவேன். அதுவே அவருக்குத் தண்டனை.

வந்ததும் வராததுமாக ஒரு சுற்றறிக்கை. தட்டியவன் நான். சாரம்:

— டெலிபோன் செய்தி ஒவ்வொன்றுக்கும் எண்.
— கேட்டவர் முழுதையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘சரி’ என்ற பிறகே அடுத்தது.
— ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து.
— வந்த வரிசையிலேயே அனுப்ப வேண்டும். எதையும் விடக் கூடாது.

எங்கள் கம்பியைத் தெரியாதவர் போட்ட சட்டம். செப்புக் கம்பியை எவனோ அறுத்துக்கொண்டு போன பிறகு வேலிக் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறோம். ஆபீசிலிருந்து பேசினால் குரல் நடுப்பிரிவோடு சரி. மலை உச்சியில் இருக்கும் மேற்பிரிவுக்குப் போகாது. அதனால் நடுப்பிரிவுக் கணக்கப்பிள்ளை சந்தனம் இரண்டு டெலிபோனுக்கு நடுவில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

சுவரில் வெள்ளைக்காரத் துரை காலத்து உத்தரவு ஒன்றும் கண்ணாடிக்குள் தொங்குகிறது. ஆபீஸ் பதில் வராவிட்டால் பிரிவை மேற்பார்க்கும் கண்டக்டர் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்க வேண்டும், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புதுச் சட்டம் வந்துவிட்டதே, இதைக் கழற்றட்டுமா என்றேன்.

“இருக்கட்டும் கிளாக்கர். இரண்டும் இருந்தால் இன்னும் பத்திரம்.”

‘மிஸ்டர்’ இல்லை. வெறும் கிளாக்கர். என் தலைமயிர் நரைக்கத் தொடங்கியபோது இவர் பால்குடி.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போய் மூன்று வருஷம். துரைமார் கப்பல் ஏறிவிட்டார்கள். அவர்கள் உத்தரவைச் சுவரிலிருந்து எடுக்க மட்டும் இன்னும் எவருக்கும் கை வரவில்லை.

செவ்வாய், 3 அக்.

நல்ல வெயில். புதுச் சட்டம் அழகாக நடந்தது. நடுப்பிரிவுக்கும் எனக்கும் ஒரு பிழை இல்லை. போன மாதம் ஒரு செய்தி காணாமல் போய் டிராக்டர் வராமல் ரப்பர் பால் வாளியிலேயே உறைந்ததே, அது இனி நடக்காது என்றார் சி.து. நடக்காதுதான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வெயில் நாளில் டெலிபோன் யாருக்கு வேண்டும்?

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு. மாலையில் மனைவி சரோஜா முருங்கைக்காய் வைத்தாள், மெல்ல முடியவில்லை.

வியாழன், 5 அக்.

மழை. எதிர்பார்த்தது நடந்தது. எதிர்பார்த்ததைவிட மோசமாக.

மேற்பிரிவில் மழை முதலில் இறங்கும். விடியலில் பால் வெட்டிய மரங்களில் சிரட்டை நிறையும் நேரம். அங்கே கண்டக்டர் பியதாச. (தண்ணீர்க் குழாய் உள்ள கோட்டர்ஸ் வீடு எனக்கு வரவேண்டியது. அவருக்குப் போயிற்று. அது தனிக் கதை. மறக்கவில்லை.) கறுத்துவிட்டது, பால் எடுக்கலாமா, டிராக்டர் அனுப்புங்கள் என்று பியதாச செய்தி. சந்தனம் அதை முழுதும் திருப்பிச் சொல்லி, ‘சரி’ வாங்கி, என்னைக் கூப்பிட்டார். மழை பிடித்தால் வேலிக் கம்பியில் பொரிகடலை வறுக்கிற சத்தம். நான் திருப்பிச் சொன்னது அவருக்குப் பாதிதான் கேட்டது. சட்டப்படி முதலிலிருந்து. மறுபடி பாதி. மறுபடி முதலிலிருந்து.

அதற்குள் பியதாசவுக்குப் பதில் போகவில்லையே! சுவர் உத்தரவு அவருக்கும் மனப்பாடம். திரும்பக் கேட்டார். அது புதுச் செய்தி, புது எண். சந்தனம் என்னை விட்டுவிட்டு அங்கே போய் அதையும் முழுதாகக் கேட்டு, திருப்பிச் சொல்லி, ‘சரி’ வாங்கி, வரிசையில் வைத்தார். பியதாச இன்னொரு தடவை கேட்டார். அதுவும் வரிசையில். நான் சொன்ன ‘எடுங்கள்’ சந்தனத்திடம் வந்து சேர்ந்தபோது அவருடைய மேற்பிரிவு டெலிபோன் நாலாவது ‘எடுக்கலாமா’வை வாங்கிக்கொண்டிருந்தது.

சந்தனம் கம்பியில் அழாத குறை. “ஐயா, நான் என்னய்யா செய்றது? இந்தக் காதுல அவரு, அந்தக் காதுல நீங்க. நடுவுல என் மண்ட.”

பதில் மேலே போய்ச் சேர்ந்தபோது சிரட்டை எல்லாம் வெள்ளைத் தண்ணீர்.

இதில் விசேஷம், ஒரு செய்தியும் தொலையவில்லை. ஒரு சொல்லும் பிசகவில்லை. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் என் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கறுத்துவிட்டது, எடுக்கலாமா? கறுத்துவிட்டது, எடுக்கலாமா? சட்டம் எதையும் விடக் கூடாது என்கிறதே.

மேற்பிரிவு பால்வெட்டுக்காரர் எல்லோருக்கும் இன்று அரைப்பேர். பால் எடுத்துக் கொடுத்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். மழையில் கரைந்தால் அரைப்பேர். ஆபீஸ் சொல்லாமல் எடுத்தால் பேரே இல்லை. செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தில் போடுகிற கை என் கை.

வெள்ளி, 6 அக்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே மேற்பிரிவுப் பெண்கள். முன்னால் காளியம்மா. இவளுடைய அப்பனுக்கும் நான்தான் பேர் போட்டேன்.

“ஐயா, நாங்க கேட்டது மழைக்கு முந்தி. பதில் வந்தது மழைக்குப் பிந்தி. அப்ப அரப்பேரு எங்களுக்கா, அந்த டெலிபோனுக்கா?”

பின்னால் சிரிப்பு. “டெலிபோனுக்குப் பேரு போட்டா அதுக்கு யாரு புடவ எடுக்கிறது, தீவாளிக்கு?”

“சின்னத்துரை எடுத்துக் குடுப்பாரு. வேலிக்கம்பிக் கரை வச்சு.”

சி.து. உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். மழையைப் பற்றி என்றேன்.

காளியம்மா போகும்போது குரலைத் தாழ்த்தி, “சிரிச்சுட்டுப் போறோம்யா. இந்த மாசம் இப்பிடியே போனா அடுப்பு எரியாது” என்றாள்.

பல் வலி ஒரு வசதி, வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஞாயிறு, 8 அக்.

எஹலியகொட டவுனுக்குப் போனேன். பல் பிடுங்கியாயிற்று. சவர்க்காரம், மண்ணெண்ணெய், சரோஜாவுக்கு நூல். பஸ்ஸில் நின்றபடி திரும்பினேன்.

நாள் முழுக்க அந்தக் கம்பியே மனதில். இளமையில் ஸ்டேஷன் தந்தி மேசையில் இருந்தவன் நான். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டு வெளியே அனுப்பினார்கள். நான் பிறந்த ஊர் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊர். இப்போது அந்த ரயிலே இந்தப் பக்கம் வருவதில்லை. நல்லது. ஆனால் மேசை கற்றுக்கொடுத்தது போகவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்கிறார்கள், அது சுவர் உத்தரவு. அதற்கு அடியில், வழியில் இருக்கிறவரும் ஒவ்வோர் அடியிலும் சரிபார்க்கிறார், அது சி.து. சட்டம். தனித்தனியாக இரண்டும் நல்ல சட்டம். ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றினால் கீழே தாமதம், அதை மேலே இருப்பவன் ‘தொலைந்துவிட்டது’ என்று நினைத்துத் திரும்ப அனுப்புகிறான், அது கீழே இன்னும் தாமதம். மழை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பேச்சும் கூடுகிறது. பேச்சுக் குறைய வேண்டிய நேரத்தில்!

ஒரு இடத்தில் சரிபார்த்தால் போதும். முனையில். நடுவில் இருப்பவர் கேட்டதைக் கேட்டபடி தள்ளிவிட வேண்டும். அதே கேள்வி மறுபடி வந்தால் காதில் வாங்கி வெளியே விட வேண்டும்.

சரோஜாவிடம் சொன்னேன். “நம்ம வீட்டு மாமியாரும் மருமகளும் ஒரே கறிக்கு ஆளுக்கொரு தடவ உப்புப் பாத்துப் போட்ட கததான்” என்றாள். மாமியார் என்றது என் அம்மாவை. அந்தச் சண்டை முடிந்து அம்மா செத்தே பல வருஷம். இவளும் என்னைப் போலத்தான், எதையும் மறப்பதில்லை.

திங்கள், 9 அக்.

சி.து.விடம் சொன்னேன். மரியாதையாக. படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

“நடுவில் சரிபார்க்காவிட்டால் பிழை வராதா?”

“வரும்.”

“வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.”

“எப்போதாவது வரும் சேர். வந்தால் முனையில் பிடிப்போம். பிடிக்கக் கூடுதல் நேரம் ஆகும், அதுவும் உண்மை. ஆனால் இப்போது பிழையே இல்லாமல் தினமும் பிந்துகிறோம்.”

“பிந்துவது மழையின் குற்றம். பிழை நமது குற்றம்.”

இதைக் கொழும்பில் சொல்லிக்கொடுத்தார்களா, பிறவியிலேயே வந்ததா தெரியவில்லை. தன் தலையில் விழாத குற்றம் அவருக்குக் குற்றமே அல்ல. படத்தை மடித்து என்னிடமே தந்தார். பின்பக்கம் வெற்றாக இருக்கிறதாம், வேறு வேலைக்கு ஆகுமாம்.

புதன், 11 அக்.

மழை. அதே கூத்து. மேற்பிரிவுக்கு மறுபடி அரைப்பேர்.

போட்டு முடித்த பேனாவைத் துடைத்து வைத்தேன். இனி இந்தக் காரணத்துக்கு இந்தக் கை அரை போடாது.

வியாழன், 12 அக்.

மழை ஓய்ந்த நேரம் மலை ஏறினேன். செருப்பு வார் அறுந்தது. அட்டை கடித்தது. வழியில் நடுப்பிரிவில் சந்தனத்தைப் பார்த்தேன்.

“திருப்பிச் சொல்லாதீங்க. எண் வேண்டாம். கேட்டத அப்படியே தள்ளுங்க. அதே கேள்வி ரெண்டாந்தரம் வந்தா விட்டுருங்க.”

“தொரைக்குத் தெரிஞ்சா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“எழுதித் தருவீங்களாய்யா?”

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்து மடியில் செருகிக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. மகனுக்கு இங்கே வேலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு பியதாச வீடு. குழாயில் தண்ணீர் சும்மா ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து எழுந்து மூடினார். தேநீர், கருப்பட்டி. தமிழ் நன்றாகப் பேசுவார், அதுவும் எரிச்சல்.

“கிளாக்கர் மாத்தயா மல ஏறி வந்தா ஏதோ பெரிய விசயம்.”

சொன்னேன். பதிலைக் கேட்டதும் அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும், சந்தனம் வழியாக. அதுதான் ஒரே சரிபார்ப்பு.

“மம ரூல்ஸ் கடன்னே நே” என்றார். சட்டத்தை மீற மாட்டேன் என்று அர்த்தம். பிறகு, “ஆனா இந்த ரூல் என்ட சுவத்துல ஒட்டினதில்ல. சேர் ஒட்டச் சொன்னாரு, பசை இல்ல.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கருப்பட்டி நல்லது.

வெள்ளி, 13 அக்.

பதினொரு மணிக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. மணி. சந்தனம்: “மேப்பிரிவு. எடுக்கலாமா?” நான்: “எடுக்கலாம். டிராக்டர் வருது.” அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பியதாசவின் திருப்பிச் சொல்லல் வந்தது. எடுக்கிறோம், டிராக்டர் வருகிறது. சரி.

முதல் துளி ஆபீஸ் தகரத்தில் விழுந்தபோது மேலே முதல் வாளி நிறைந்துவிட்டது. மழை கொட்டியது. கம்பி பொரிந்தது. பொரியட்டும். அதில் பேச யாருக்கும் ஒன்றுமில்லை.

மேற்பிரிவுக்கு முழுப்பேர். சி.து. ஸ்டோரில் பால் அளவைப் பார்த்து, “பார்த்தீர்களா, சட்டம் பழகப் பழகச் சரியாகிறது” என்றார்.

யெஸ் சேர்.

சரோஜா, “என்னங்க, தானா சிரிக்கிறீங்க?” என்றாள். பல் பிடுங்கிய இடம் கூசுகிறது என்றேன்.

திங்கள், 16 அக்.

பிழை வந்தது. வரும் என்று நானே சொன்ன பிழை.

நடுப்பிரிவு வானம் மட்டும் கறுத்தது. சந்தனம் தன் பிரிவுக்குக் கேட்டார், எடுக்கலாம் என்றேன். அதே நேரம் பியதாச வேறெதற்கோ கூப்பிட்டிருக்கிறார். சந்தனம் என் பதிலை மேலேயும் தள்ளிவிட்டார். எண் இல்லை, திருப்பிச் சொல்லல் இல்லை, யாருக்கு என்ற கேள்வியும் இல்லை. மேற்பிரிவில் பளீர் வெயில். ‘எடுக்கலாம்’ என்றதும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், மரம் பால் சொட்டிக்கொண்டிருக்கும்போதே. பியதாச முறைப்படி எனக்குத் திருப்பிச் சொன்னார். கேட்டதுமே உங்களுக்கில்லை, நிறுத்துங்கள் என்று கத்தினேன். முனையில் பிடித்தோம். ஆனால் பிடிப்பதற்குள் பாதிச் சிரட்டைகளை வாளியில் கவிழ்த்தாயிற்று. டிராக்டர் நடுப்பிரிவில். அது மேலே ஏறிப் போனபோது வாளிகளில் பால் தயிராகக் கட்டிவிட்டது.

ஸ்டோரிலிருந்து சி.து.வுக்குச் செய்தி போயிற்று. இந்தச் செய்தி மட்டும் உடனே போய்ச் சேரும்.

இதற்குத் தீர்வும் உண்டு. செய்தியின் தலையில் யாருக்கு என்று ஒரு சொல். அது ஒன்று போதும். நான் அதை விட்டுவிட்டேன். அதற்காக முறை தவறென்று ஆகிவிடாது.

செவ்வாய், 17 அக்.

விசாரணை. சி.து. அறையில் நான், சந்தனம், பியதாச. மின்விசிறி ஓடவில்லை.

சந்தனம் மடியிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குத்தானே எழுதிக் கொடுத்தேன்.

சி.து. பியதாசவிடம் கேட்டார். கிளாக்கர் சொன்னபடி செய்தேன், வெள்ளிக்கிழமை பால் முழுதும் வந்தது, நேற்று வரவில்லை, இரண்டும் உண்மை என்றார் அவர். எனக்காகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. குழாய்க்காக அந்த மனிதன் மேல் வைத்திருந்த கோபத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும். கொஞ்சம்தான்.

என் முறை. இனிமேல் புதுச் சட்டத்தின்படியே நடப்பதாக எழுதித் தரச் சொன்னார். வெயில் நாளில் நடப்பதாக எழுதித் தருகிறேன் என்றேன். மேசையைத் தட்டினார்.

பிறகுதான் வந்தது. “நேற்றைய பால் கெட்டுவிட்டது. மேற்பிரிவுக்கு நேற்று அரைப்பேர்.”

“ஆபீஸ் சொல்லி எடுத்தார்கள் சேர். முழுப்பேர் போட்டாயிற்று.”

“திருத்துங்கள்.”

“பிழை என் பிழை. என்னை அரையாக்குங்கள்.”

சி.து. சிரித்தார். ஸ்டாஃப் செக்ரோலில் இல்லையே, உங்களை எப்படி அரையாக்குவது என்றார். இருபது வருஷத்துக்கு மேல் மற்றவர்கள் பேரைப் போட்டவனுக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. உண்மைதான்.

வேறு வழி இருக்கிறது, கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கிளாக்கர் தேவை, மாற்றிவிட முடியும் என்றார். சரோஜாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அங்கே குழாய் இருக்கிறதா என்று கேட்பாள்.

வெளியே வந்தபோது காளியம்மாவும் இன்னும் நாலு பேரும் காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்துப் பக்கம் நின்றார்கள். விஷயம் தெரிந்திருக்கிறது. எப்படியோ. அதற்கும் ஒரு கம்பி இருக்கிறது, எவராலும் அறுக்க முடியாத கம்பி.

“என்னாச்சுங்கய்யா?”

“முழுப்பேர்தான். போய் வேலையப் பாருங்க.”

“அவரு பேர வெட்டச் சொன்னாருன்னாங்களே?”

“அவரு சொன்னாரு. பேனா யாரு கையில இருக்கு?”

காளியம்மா என் கையைப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனாள்.

புதன், 18 அக்.

விடியலிலிருந்து அடைமழை. பால்வெட்டு இல்லை. ஆபீசில் நான் மட்டும். கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்றின் கீழே வாளி, மற்றதன் கீழே சி.து.வின் சுற்றறிக்கைக் கட்டு.

சி.து. பங்களாவில். வெளியே வரவில்லை. எட்டு மணிக்கு டெலிபோன்.

“செய்தி எண் ஒன்று. மேற்பிரிவுச் செக்ரோல், பதினாறாம் தேதி, அரைப்பேராகத் திருத்தவும். திருப்பிச் சொல்லுங்கள்.”

கம்பியில் பொரிகடலை. எனக்கு நன்றாகவே கேட்டது. சொல்லவில்லை.

“ஹலோ? கிளாக்கர்? திருப்பிச் சொல்லுங்கள்.”

வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மணி. முதலிலிருந்து. எண் ஒன்று, மேற்பிரிவு, பதினாறு, திருத்தவும், திருப்பிச் சொல்லுங்கள். அவர் சட்டப்படி, கேட்டவன் திருப்பிச் சொல்லும்வரை செய்தி வந்து சேரவில்லை. வந்து சேராத உத்தரவை மீற எந்தக் கிளாக்கராலும் முடியாது.

தேநீர் போட்டேன். செக்ரோல் முன்னால் திறந்திருக்கிறது. பதினாறில் முழுப்பேர், மை காய்ந்துவிட்டது.

மறுபடி அடிக்கிறது. எடுத்துக் கேட்கப் போகிறேன். சொல்லப் போவதில்லை.